அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

ஏழு வருடமாக நான் நம்பாத பேச்சு ஒன்று இருக்கிறது, சார். உங்கள் மடியில் அந்தப் பையைப் பார்த்ததும் அதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கிடார்தானே அது? மகளுக்கா? இருக்கட்டும், இருக்கட்டும். கொஞ்சம் இந்தப் பக்கம் மாறி உட்காருங்கள். அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சல். திருச்சி போய்ச் சேரும் வரைக்கும் நேரம் இருக்கிறது.

பேச்சு இதுதான். "அன்னைக்குக் கிளாஸ்ல ஒண்ணும் நடக்கலடா வையாபுரி. பழைய பாடந்தான்." சொன்னவன் அருளப்பன். நான் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி, போய்வந்த அவன் சொன்னது. ஒரே வரி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே எனக்கு ஏழு வருடம் போய்விட்டது. சில நாள் அவன் மேல் சந்தேகம். சில நாள் என் மேலேயே சந்தேகம், ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனோ என்று. ஒன்றுமில்லை என்றால் ஒருவன் ஏன் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும்? சும்மா இருந்திருக்கலாமே?

நாங்கள் இரண்டு பேரும் கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தோம். இதோ இந்தப் பக்கத் தகட்டைப் பாருங்கள், வரிசையாகப் பொட்டு வைத்த மாதிரி இருக்கிறதே, அது ரிவிட். அதை அடிக்க இரண்டு ஆள் வேண்டும். வெளியே நின்று மெஷினால் அடிப்பவன் ஒருவன். உள்ளே நின்று இரும்புக்கட்டையை அண்டக் கொடுப்பவன் ஒருவன். நடுவில் தகடு. முகம் தெரியாது, கத்தினாலும் கேட்காது. அதனால் தட்டுத்தான் எங்களுக்குப் பேச்சு. உள்ளே இருப்பவன் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினால் சரி, அடுத்ததற்குப் போ. இரண்டு தட்டு என்றால் சரியாக உட்காரவில்லை, இன்னொரு தரம் அடி. தகட்டில் கை வைத்திருந்தால் போதும், கைக்கே தெரியும். இருபத்திரண்டு வருடம் நான் வெளியே, அருளப்பன் உள்ளே. பட்டறையில் எங்களைப் புருசன் பெண்டாட்டி என்றுதான் கிண்டல் செய்வார்கள்.

ஒன்று மட்டும் உண்டு. காது மந்தமானவன் கையில் மெஷினைத் தர மாட்டார்கள். மேலே க்ரேன் வருகிறது, விலகு என்று கத்தினால் கேட்க வேண்டும் அல்லவா? எங்கள் செட்டில் சுந்தரமூர்த்தி என்று ஒருவனை அப்படித்தான் ஒரே நாளில் கேட்டுக்கு வாட்ச்மேனாக அனுப்பினார் மேனேஜர். நல்ல வேலைக்காரன். வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். நாங்கள் போகும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டான். அப்போது நான் அவனுக்காகப் பரிதாபப்பட்டேன்.

அந்தக் கிளாஸுக்கு நாங்கள் போக ஆரம்பித்தது அருளப்பனின் மனைவி ரோஸ்லின் இறந்த வருடம். ஜவஹர் பஜாரில் ஒரு ஜவுளிக்கடை, அதன் மாடியில் பாட்டு வகுப்பு. கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். அருளப்பன் பாதி டீயில் தலையைத் தூக்கினான். "கேட்குதா?" என்றான். "எது?" என்றேன். அவன் டம்ளரை வைத்துவிட்டுப் படியேறிவிட்டான். பின்னாலேயே நானும் போனேன். மேலே ஒரு பெண். கழுத்தில் ஒரு கம்பியை மாட்டி, அதில் மவுத் ஆர்கனைப் பொருத்தி, வாயால் அதையும் கையால் கிடாரையும் ஒன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். இவன் வாசலில் செருப்போடு நின்று அழுகிறான்.

"இது என்ன பாட்டும்மா?"

"ப்ளூஸ் அங்கிள். அந்தக் காலத்துல அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க பருத்திக் காட்டுல பாடினது. ஒரு குறையை ஒரு வரியில சொல்லணும். அதையே திரும்ப ஒரு தடவை சொல்லணும். மூணாவது வரியில அதுக்குப் பதில். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றான் அருளப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க பட்டறையில தினமும் இதைத்தானே பண்றோம். மூணாவது வரி மட்டும் இதுவரைக்கும் வரல."

ஷெரின் என்று பெயர். பெங்களூரில் படித்துவிட்டு வந்தவள், இருபத்தைந்து வயது இருக்கும். அவளிடம் ஐம்பது வயதில் இரண்டு பேர் மாணவர்கள். உண்மையில் எனக்கு ஆசை இல்லை, சார். அவனுக்குத் தனியாகச் சேர வெட்கம்.

"நான் கிடார், நீ மவுத் ஆர்கன்."

"இந்த வயசுல ஊதிட்டுத் திரியச் சொல்றியா?"

"அடிச்சுட்டுத் திரியறியே, அது மட்டும் அழகா?"

சேர்ந்தோம். அவன் விரல்கள் எங்கள் ரிவிட் மாதிரியே தடிமன். ஒரு கம்பியை அழுத்தினால் இரண்டு கம்பி அமுங்கும். எஃப் என்று ஒரு பிடி இருக்கிறது, உங்கள் மகள் அதில்தான் அழப்போகிறாள். அதைப் பிடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும். நான் ஒரு மவுத் ஆர்கன் வாங்கினேன். பத்து ஓட்டை. சி என்று மேலே அடித்திருந்தது, அது அதன் சுருதி. கிடாரும் சி-யில் வாசித்தால்தான் சேரும் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். எங்கள் தொழில் அப்படி. நட்டும் போல்ட்டும் ஒரே நம்பராக இருக்க வேண்டும். பன்னிரண்டு போல்ட்டுக்குப் பதிமூன்று நட்டு மாட்டியவன் பட்டறையில் தங்க மாட்டான். இரண்டு மாதம் சி-க்கு சி வாசித்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை. ஷெரின், "முதல்ல இது படியட்டும் அங்கிள்" என்று விட்டுவிட்டாள்.

அந்த மவுத் ஆர்கனிலும் ஒரு மோசடி. கடைசி மூன்று ஓட்டையிலும் காற்றுத்தான் வந்தது, சத்தம் இல்லை. கடைக்காரனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். துடைத்துவிட்டு ஊதினான். "நல்லாத்தானுங்க இருக்கு" என்றான். நான் ஊதினேன், காற்று. அவன் ஊதினான், மறுபடி "நல்லா இருக்குங்களே". பக்கத்தில் நின்ற அவன் பெண்டாட்டியும் தலையாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தது. சண்டை போடவில்லை. வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கடைக்கு அப்புறம் போகவில்லை.

ப்ளூஸில் பன்னிரண்டு கட்டம், சார். நாலு கட்டம் ஒரே இடத்தில் நிற்கும், பிறகு மாறும், திரும்பி வரும், கடைசியில் சுற்றி வளைத்து வீட்டுக்கு வரும். மாறுகிற இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து மாற வேண்டும். அருளப்பன் ஒவ்வொரு தரமும் எனக்கு முன்னாலேயே மாறிவிடுவான். ஒவ்வொரு தரமும். "ஏன்டா அவசரப்படற?" என்பேன். "சரி, மெதுவாப் போறேன்" என்பான். மறுபடியும் முன்னால் போய்விடுவான். ஷெரின் என்னைப் பார்க்காமல் அவனைப் பார்ப்பாள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு என் மைத்துனன் வீட்டில் பால் காய்ச்சு. போகாவிட்டால் மங்கை, என் மனைவி, வருடம் முழுவதும் சொல்லிக்காட்டுவாள். போனேன். திங்கட்கிழமை பட்டறையில் கேட்டேன். அப்போதுதான் அவன் சொன்னது, ஒன்றும் நடக்கவில்லை, பழைய பாடம். சொல்லும்போது ரிவிட் டப்பாவில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். டப்பா காலியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு போனால், எல்லோரும் ஜி-யில் வாசிக்கிறார்கள். என் சி மவுத் ஆர்கனுக்குக் கிடார் ஜி-யாம். ஊதக் கூடாதாம், உறிஞ்ச வேண்டுமாம். அப்போதுதான் ப்ளூஸாம். அருளப்பன் எஃப் தொல்லை விட்டது என்று சிரித்த முகமாக வாசித்துக்கொண்டிருக்கிறான். நான் மட்டும் சி-க்கு சி என்று திருவிழாவில் தொலைந்தவன் மாதிரி நிற்கிறேன்.

வெளியே வந்ததும் பிடித்தேன். "பழைய பாடம்னு சொன்ன?"

"அந்தப் புள்ளையே சொல்லித் தரட்டும்னு விட்டேன்டா."

"அப்படீன்னா புதுப் பாடம் நடந்திருக்கு."

"நடந்துச்சு. அதுக்கு என்ன இப்ப?"

அதற்கு என்ன இப்போது! நீங்களே சொல்லுங்கள். என்ன? சரியாக விழவில்லை, ஹாரன் அடிக்கிறான். ஆமாம், ஆமாம், மறந்திருக்கலாம். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அருளப்பன் மறக்கிற ஆள் இல்லை. எந்த பஸ்ஸில் எத்தனையாவது ரிவிட் கோணல் என்று வருடம் கழித்துச் சொல்லுவான்.

உறிஞ்சி வாசிக்கிற அந்த வித்தை மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. இரண்டாவது ஓட்டையில் உறிஞ்சியபடி நாக்கைப் பின்னால் இழுத்தால் சத்தம் வளைந்து கீழே இறங்கும், தேம்பி அழுகிற குழந்தை மாதிரி. முதல் தரம் அது வந்தபோது பல்லில் உணர்ந்தேன். தாடையெலும்பு வழியாக மண்டைக்குள் போனது. வீட்டில் கொல்லைப்புறம் தனியாக நின்றிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் அதற்கு அப்புறம்தான் அருளப்பன் நடவடிக்கை மாறியது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் கிடாரைத் தூக்கிக்கொண்டு பெயிண்ட் ஷெட் நிழலுக்கு வந்துவிடுவான். "வா, ஒரு சுத்து வாசிக்கலாம்." நான் எவ்வளவு தேறியிருக்கிறேன் என்று வேவு பார்க்கத்தான், வேறு என்ன? எப்போதும் எனக்கு நேர் எதிரில் உட்காருவான், முகத்துக்கு முகம். மாறுகிற இடம் வந்தால் தலையைப் பலமாக ஆட்டுவான், மாட்டுக்கு ஆட்டுகிற மாதிரி. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஷெரின் வேறு. நான் படியேறும்போது இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் நின்றுவிடும்.

வீட்டிலும் அதே கதை. மங்கை டிவியை முணுமுணு என்று வைப்பாள். நான் கூட்டினால் ஓடிவந்து குறைப்பாள். "தெருவே கேட்குதுங்க" என்பாள். போனில் அவள் தம்பியோடு பேசினால் ஒரு சொல் என் பக்கம் வராது. கேன்டீனில் நாலு பேர் கூடியிருந்தால் வாய் அசைகிறது, சிரிக்கிறார்கள், என்னவென்று தெரியவில்லை. அந்த வருடம் ஊரே என்னைச் சுற்றிக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது, சார். மனிதனுக்கு அது எப்படி இருக்கும்?

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் அதுதான் பெரிய நாள். முடிந்த பஸ்களுக்கு மாலை போட்டு, வாழை கட்டி, பொரிகடலை கொடுத்து, காலையிலேயே மைக் கட்டிவிடுவார்கள். நாங்கள் வாசிக்கிறோம் என்று அருளப்பன் பெயர் கொடுத்துவிட்டான். பாட்டும் அவனே கட்டினான். தகரக் கொட்டாய் காயுது, தலைக்கு மேல ஃபேன் இல்ல. அதையே இரண்டு தரம். மூன்றாவது வரி, மேனேஜர் ரூமு குளுருது, அவருக்கு இந்தப் பாட்டுக் கேக்கல. முதல் சுற்றிலேயே விசில். மேனேஜரே முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். நான் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது என் கால் மேல் ஒரு தட்டு.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடிக்கொண்டே ஷூக்காலால் தட்டுகிறான். தெரியாமல் பட்டிருக்கும் என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு. காலை நகர்த்தினேன். அவன் காலும் நகர்ந்து வந்தது. மறுபடி இரண்டு தட்டு, இன்னும் பலமாக. அத்தனை பேர் முன்னால்! நான் தடுமாற வேண்டும், அவன் தனியாக ஜொலிக்க வேண்டும். வாயிலிருந்து ஆர்கனை எடுத்துவிட்டேன். எழுந்து நின்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், ஆனால் கை நிற்கவில்லை. மூன்றாவது சுற்றைத் தனியாகவே வாசித்து முடித்தான். கைதட்டல் முழுக்க அவனுக்கு. பட்டறையில் தட்டுவது வேறு, சார். அது வேலை. மேடையில் என் காலைத் தட்ட இவன் யார்?

இறங்கியதும் என் ஆர்கன் டப்பாவை எடுக்க அவன் கிடார்ப் பையைத் திறந்தேன். பக்கப் பையில் பாட நோட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தது தப்புத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை தேதி போட்ட பக்கத்தில் மூன்று வரி. "சி ஆர்கனுக்கு ஜி கிடார். உறிஞ்ச வேண்டும்." கீழே, இரண்டு கோடு போட்டு, "வையாபுரியிடம் சொல்லக் கூடாது."

நேராகப் போய் அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். "என்னடா இது? என்ன சொல்லக் கூடாது?"

அவன் நோட்டைப் பார்த்தான். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தான். மேனேஜர் பொரிப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"சொல்றா! இருபத்திரண்டு வருசம் உனக்கு முன்னாடி நின்னு அடிச்சவன்டா நான்!"

"அன்னைக்கு ஒண்ணும் நடக்கலடா வையா," என்றான். "பழைய பாடந்தான்."

அதே வரி. எழுத்தில் பிடிபட்ட பிறகும் அதே வரி. அடுத்த நாளே போர்மேனிடம் சொல்லி வேறு ஆளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். புது ஆள் தட்டினால் எனக்குப் புரியாது, நான் அடித்தால் அவனுக்குப் பிடிக்காது. தகடெல்லாம் கோணல். அப்புறம் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள், இப்போதும் அங்கேதான். நட்டு போல்ட்டு எண்ணிக் கொடுக்கிற வேலை. அருளப்பன் இரண்டு வருடத்தில் பட்டறையை விட்டுவிட்டுக் குளித்தலைக்கு மகள் வீட்டோடு போய்விட்டான். போகும்போது சொல்லிக்கொள்ள வந்தான். நான் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

போன மாதம் பாங்கில் ஷெரினைப் பார்த்தேன். கல்யாணமாகி, இடுப்பில் ஒரு குழந்தை. "அங்கிள்!" என்று ஓடிவந்தாள். எதையோ கேட்டாள். என்னம்மா என்றேன். பக்கத்தில் வந்து மறுபடி கேட்டாள்.

"டாக்டரைப் பார்த்தீங்களா அங்கிள்?"

"எந்த டாக்டர்?"

அவள் முகம் மாறிவிட்டது. "அருளப்பன் அங்கிள் சொல்லலையா? நீங்க வராத அன்னைக்கு நான் அவர்கிட்ட..." என்று ஆரம்பித்தவள், "டோக்கன் கூப்பிடறாங்க" என்று போய்விட்டாள். நான் போர்டைப் பார்த்தேன். அவள் டோக்கனுக்கு இன்னும் எட்டு ஆள் இருந்தது.

மூன்று நாள் தூங்கவில்லை. என்ன டாக்டர்? எனக்கு என்ன வியாதி? ஒரு சின்னப் பெண்ணுக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாமல் இரண்டு பேர் பேசிக்கொண்டார்களா? இன்னொரு நினைப்பும் கூடவே வந்தது. அதைத் தள்ளித் தள்ளி விட்டேன். அது போகவில்லை. நாலாம் நாள் குளித்தலைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

காலை பத்து மணி. அருளப்பன் வாசல் கேட்டைத் திறந்தான். இளைத்திருந்தான். உள்ளே கூடத்தில் தூளியில் பேரக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியைக் காட்டினான். உட்கார்ந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கத்தான் வந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வியை இருபது விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

அவன் சமையலறைப் பக்கம் திரும்பி மகளிடம் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது. எனக்கு எதுவும் வரவில்லை. ஒரு சொல் கூட. ரகசியம் பேசுகிறான் என்று பழைய கோபம் ஏறியது. ஆனால் மகள் அந்த அறைக்குள்ளே இருந்துகொண்டே தலையை மட்டும் நீட்டி, ஏதோ பதில் சொல்லிச் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் காபியோடு வந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது.

பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரில் போட்டான். மூச்சை இழுத்தான். கழுத்து நரம்பு இரண்டும் கயிறு மாதிரி புடைத்தன.

"வையா, காபி எடுத்துக்கோ!"

தூளியில் குழந்தை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது. அதன் வாய் திறந்திருப்பதைப் பார்த்தேன். மகள் ஓடிப்போய்த் தூளியை ஆட்டினாள். அவன் குழந்தையையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். நான் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சார். அந்த நரம்பு எனக்குப் பழக்கமானது. எத்தனையோ வருடமாக என்னிடம் பேசும்போதெல்லாம் அப்படித்தான் இருக்கும். அவன் கழுத்தே அப்படி என்று நினைத்திருந்தேன்.

கொண்டுபோன இருபது கேள்வியும் போய்விட்டது. வேறு ஒன்றுதான் வந்தது.

"அருளப்பா, நீ என்கிட்ட எத்தனை வருசமா இப்படிக் கத்திப் பேசிட்டிருக்க?"